நாலாவது வீச்சு

சித்ரா: …ஏனுங்கக்கா, நீங்க இத்தன தடவ மணி பாத்தா சேலம் ஜங்ஷனுக்கு ரயிலு சீக்கிரம் வந்துருமா?

கயல்விழி: இருபது நிமிசம் லேட்டுன்னாங்க. நாப்பதாச்சு.

சித்ரா: உக்காருங்க. ஆசியப் போட்டிக்குப் போறவுங்க பிளாட்பாரத்துல நடந்தே தேஞ்சுட்டா, அங்க ஈட்டிய யாரு எறியறது?

கயல்விழி: பாஸ்போர்ட்டு கொண்டாந்தியா?

சித்ரா: கொண்டாந்தேனுங்க. மெட்ராஸ் கேம்புல ரெண்டு நாள் உங்களுக்குத் தொணைக்கு இருக்கறதுக்கு எதுக்குங்க பாஸ்போ—

கயல்விழி: சொல்றேன்.

சித்ரா: அக்கா… வலது கையக் காட்டுங்க.

கயல்விழி: ஒண்ணுமில்ல, கம்முனு இரு.

சித்ரா: டீய இடது கையில குடிச்சீங்க. ஈட்டி வெச்ச குழாய யாரையும் தொட உட மாட்டீங்க, இன்னிக்கு என்னையத் தூக்கச் சொன்னீங்க.

கயல்விழி: …முழங்கையில தசைநார் கிழிஞ்சுருச்சு.

சித்ரா: எப்ப?

கயல்விழி: தேர்வுப் போட்டிக்கு முந்தின வாரம். வலி தெரியாம ஊசி போட்டுத்தான் எறிஞ்சேன். நேத்து நாப்பது மீட்டரே தாண்டல. தல சீவ முடியல.

சித்ரா: சென்னியப்பன் சாருக்கு?

கயல்விழி: காலையில சொல்லிப்போட்டேன். கோச்சுன்னா திட்டாம இருப்பாரா? திட்டி முடிச்சுட்டு வேற பேரு கேட்டாரு. உன்ற பேரக் குடுத்தேன். வெள்ளிக்கெழம வரைக்கும் மாத்தலாமாம்.

சித்ரா: என்னையக் கேக்காமயா?

கயல்விழி: கேட்டா வரமாட்டே.

சித்ரா: நான் ஊட்டுக்குப் போறேனுங்க.

கயல்விழி: உக்காரு சாமி.

சித்ரா: இல்லீங்க. பத்து வருசமா நீங்க காத்திருந்த எடம். தேர்வுல தோத்தவளக் கூட்டிட்டுப் போயி—

கயல்விழி: யாரு தோத்தா? நான் எறிஞ்சது அம்பத்தாறு மீட்டரு. உன்ற நாலாவது வீச்சு அம்பத்தெட்டத் தாண்டி விழுந்துச்சு. எறிஞ்சு முடிச்சு நீ கோட்டத் தாண்டிட்டே, செல்லாதுன்னு செவப்புக் கொடி தூக்குனாங்க. அதனாலதான நான் ஜெயிச்சேன்.

சித்ரா: தடுமாறிட்டேன்.

கயல்விழி: ம்.

சித்ரா: …அக்கா. ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே.

கயல்விழி: வண்டி வருது. வெரசாச் சொல்லு.

சித்ரா: தடுமாறலீங்க. எங்க விழுந்துச்சுன்னு பாத்துப்போட்டு, நானேதான் கோட்டத் தாண்டி நடந்தேன். போன வருசம் பாங்காக்குல மூணு வீச்சும் ஃபவுலாயி, அத்தன பேரு முன்னால… மறுக்கா அப்படி நிக்கப் பயமா இருந்துச்சு.

கயல்விழி: இப்பவும் பயமா?

சித்ரா: இப்பவும்தான்.

கயல்விழி: பயந்துக்கிட்டே ஏறு. நானும் கேம்பு வரைக்கும் வாரேன்.

சித்ரா: குழாயப் புடிங்… வேண்டாம், நானே ஏத்தறேன். …ஏறிட்டேன். ஏனுங்க, இவ்வளவு சொல்லியும் ஒரு வார்த்த திட்டலியே?

கயல்விழி: எனக்கு அப்பவே தெரியும். தடுமாறுனவ கீழ பாப்பா. நீ ஈட்டியவே பாத்துட்டு நடந்தே. உனக்கு இன்னும் ரெண்டு வீச்சு பாக்கி இருந்துச்சு. பயப்படாத, எறின்னு நான் சொல்லியிருந்தா எறிஞ்சிருப்பே. ஆனா நான், கணுக்கால் பெசகியிருக்கும், மீதிய உட்டுருன்னு சொன்னேன்… எனக்குப் போகோணும்னு இருந்துச்சு, சித்ரா.