ஓர் எண்ணுக்கு இருவர்

இந்த அவையைத் தலைமையேற்று நடத்தும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முகத்தெளிவால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகள் பார்க்கும் வேலை பாதிதான் புரிந்தாலும் பெருமை பொங்க வந்திருக்கும் தாய்மார்களே! கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் கணினிகளைக் கண்ணிமைபோல் காக்கும் சங்கத் தோழர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மேடையேறினால் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பவள் என்று என்னை அறிமுகம் செய்தார்கள். இன்று என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. என் கணவரைப் பற்றிப் பேச வந்தேன். உங்களில் ஒருவரைப் பற்றியும் பேச வந்தேன்.

அச்சகத்தில் இயந்திரம் ஓட்டியவர் என் கணவர். ஒரு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், "நெஞ்சுல என்னமோ பிசையுது" என்று கட்டிலில் சாய்ந்தார். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினோம். வாசலில் இருந்த பெண் கணினியில் பெயரைத் தட்டினாள். சீட்டு வந்தது. சீட்டில் ஓர் எண். அங்கே படுக்கைக்கும் அந்த எண், பரிசோதனைக்கும் அந்த எண், மருந்துக்கும் அந்த எண்!

அதைக் கொடுப்பது யார்? ஆளா? அதிகாரியா? இல்லை. திரைக்குப் பின்னால் ஒரு கணினிச் சேவை ஓயாமல் ஓடுகிறது. கேட்டவருக்கெல்லாம் புது எண் கொடுப்பது அதன் தொழில். கொடுத்ததை மறுபடி கொடுக்காதிருப்பது அதன் தருமம்.

அன்று காலை மின்சாரம் போய் வந்தது. சேவை விழுந்து எழுந்தது. எழுந்தபோது, கடைசியாகக் கொடுத்த எண்ணை மறந்து, பழைய இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. முந்தைய நாள் ஒரு தச்சருக்குக் கொடுத்த எண்ணை என் கணவருக்கும் கொடுத்தது.

என்ன தம்பி, பின்னால்? "ரீஸ்டார்ட் பண்ணியிருக்கலாமே"ன்னு கேக்குறீங்களா? அந்த ரீஸ்டார்ட்லதானப்பா என் வீடு இருண்டுச்சு! யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. நல்ல மனசோடதான் கேட்டார்.

காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மனம் பொறுக்காமல் எழுந்துபோய்த் தகவல் மேசையில் சீட்டை நீட்டினேன். அங்கே இருந்தவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "ஆபத்து தாண்டிட்டாரும்மா. மத்தியானம் வார்டுக்கு மாத்திருவாங்க." என் மகளுக்குப் போன் போட்டேன். "அப்பாவுக்கு ஒண்ணுமில்லடி! அழாம சாப்பிடு!" சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன்.

அதே பெஞ்சில் இருந்த பெண்ணின் கைபேசி ஒலித்தது. கேட்டவள் அப்படியே தரையில் சரிந்தாள். ஓடிப்போய்த் தாங்கினேன்.

"போயிட்டாருன்னு சொல்றாங்கக்கா... அண்ணன் வரட்டும். தனியாப் போய்ப் பார்க்க எனக்குத் தெம்பில்ல."

"மனசைத் தேத்திக்கம்மா. பிள்ளைங்களுக்கு இனிமே நீதானே எல்லாம்."

என் வீட்டுச் சாவுக்கு நானே இன்னொருத்தியிடம் துக்கம் விசாரித்தேன்! ஆம், அவள்தான் அந்தத் தச்சரின் மனைவி; அந்த எண்ணில் பதிந்திருந்தது அவள் கைபேசி.

அப்போது மாடியில், அந்தச் சேவையைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர் எண்கள் இரட்டிப்பதைக் கண்டுவிட்டார். நிர்வாகியிடம் ஓடினார்.

"சார், இதை நிறுத்தணும்."

"வாசல்ல கூட்டம் நெரியுது! சாயங்காலம் பார்த்துக்கலாம், ஓடட்டும்!"

"ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் ஒருத்தர் இன்னொருத்தரா மாறிட்டே இருப்பார் சார்!"

நிறுத்தினார். உத்தரவுக்குக் காத்திராமல் நிறுத்தினார். நிறுத்தியவர் நாற்காலியில் உட்காரவில்லை; எண் இரட்டித்தவர்களைத் தேடிப் படியிறங்கி வந்தார். எங்கள் முன் நின்றார்.

"அம்மா, சீட்டை விடுங்க. உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க."

இருவரும் சொன்னோம். அவளைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்காரும்மா" என்றார். என்னைப் பார்த்தார். இரண்டு கையும் கூப்பினார். எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் எழுந்து ஓடியிருக்க வேண்டாமா? என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "நீ போம்மா" என்றேன்.

"அவரு இருக்காருக்கா. எங்க போயிடப் போறாரு?"

கைதட்டாதீர்கள். இது கைதட்டும் இடமல்ல.

எண் சரியாக இருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்றார் மருத்துவர். இருக்கலாம். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேனே! அவர் மூச்சு நின்றபோது, கீழே நான் சிரித்துக்கொண்டிருந்தேனே!

விசாரணை வந்தது. எண் ஏன் இரட்டித்தது என்றா கேட்டார்கள்? இல்லை. யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று கேட்டார்கள்! விழுந்து எழுந்தால், கடைசி எண்ணைச் சரிபார்க்காமல் இந்தச் சேவை வாய்திறக்கக் கூடாது என்று அவர் முன்பே கெஞ்சியிருக்கிறார். "இத்தனை நாள் ஓடலையா?" என்று தட்டிக்கழித்திருக்கிறார்கள். கணவனை இழந்த நான் அவருக்காகச் சாட்சி சொன்னேன். எடுபடவில்லை. வேலை போயிற்று. இன்றுவரை வேறு யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை.

தோழர்களே, கேட்கிறேன். அந்த விசாரணை அறையில் அவர் பக்கத்து நாற்காலி ஏன் காலியாக இருந்தது? உங்கள் சங்கம் எங்கே போயிருந்தது? சேவை நின்றால் வரிசை நீளும், வசவு விழும். தவறி ஓடினால், ஒருத்தியின் கண்ணீர் இன்னொருத்தியின் கண்ணில் வழியும்! உறுதியில்லாதபோது நிறுத்துகிற கை வேண்டும். அந்தக் கை தனியாக நின்றால், நாளை எந்தக் கை நிறுத்தும்?

அவரை மீண்டும் வேலையில் சேர்க்கக் கோரும் தீர்மானம் தலைவரின் மேசையில் இருக்கிறது. அவருக்காக நிற்கிறோம் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.

பாதிப் பேர்தான் எழுந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, அன்று ஒருவர்கூட இல்லை. நிற்பவர்களுக்கு என் நன்றி. உட்கார்ந்திருப்பவர்களுக்கும் என் வணக்கம்.