ராசம்மா கூப்பிட்ட பெயர்

மலைமுகட்டு மஞ்சு விலகுமுன்னே வந்து மண்டபம் நிறைத்த மக்களே, இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் கலை மன்றத் தலைவர் ஐயா அவர்களே, பாடிப் பழுத்த பெரியோர்களே, கொழுந்துக் கூடைக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்து வந்திருக்கும் அன்னையரே, அனைவருக்கும் சுதாகரனின் பணிவான வணக்கம்.

பேய்ப்படத்துக்கு இசையமைத்தோம் என்று எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். வயலின் வாசித்த கஜேந்திரன் மகிழ்ந்தார். எனக்கோ மகிழ வழியில்லை, மனமில்லை. ஏன் என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பேய் வரும்போதெல்லாம் ஒரு குரல் ஒரு பெயரைக் கூப்பிடுமே, நினைவிருக்கிறதா? பின்வரிசையில் ஒரு தம்பி கூப்பிட்டே காட்டுகிறார். வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள். அது எங்கள் தோட்டத்து லய வீட்டில் குடியிருக்கும், ஒப்பாரிக்குப் பேர்போன ராசம்மா அக்காவின் குரல்.

படத்துக்கு ஒப்பாரி வேண்டும் என்று அவரிடம் போனோம். "பொணம் இல்லாத வீட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாதுங்க தம்பி" என்றார். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அவர் கணவர் கொரோனாக் காலத்தில் கொழும்பில் இறந்தவர். உடல் லயத்துக்கு வரவே இல்லை. அந்தப் புண்ணைத்தான் நான் தொட்டேன். "அண்ணனுக்குத்தான் யாருமே அழலயேக்கா. அவர நெனச்சிப் பாடுங்க" என்றேன்.

பாடினார். முப்பது வருடக் குடும்ப வாழ்வில் கணவர் பெயரை ஒருமுறையும் வாயால் சொல்லாதவர், பாட்டின் முடிவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒலிப்பதிவு செய்த ஹிஷாம் அழுதுவிட்டார். நான் என்ன செய்தேன்? பாட்டை விட்டேன், பெயரை எடுத்தேன். இழுத்தேன், இறக்கினேன், எதிரொலி ஏற்றினேன். மனைவியின் அழைப்பைப் பேயின் அழைப்பாக்கினேன். "இது வேணாம் சுதா" என்றார் ஹிஷாம். கேட்டேனா? கேட்கவில்லையே.

ஹட்டனில் முதல் காட்சி. ராசம்மா அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தோம். பெயர் ஒலித்தது. அரங்கம் அலறியது, அப்புறம் சிரித்தது. அவர் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். இன்று அவர் விடிகாலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் பாதையில் பிள்ளைகள் அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஒங்க மேல குத்தம் இல்லைங்க தம்பி. பேரச் சொன்னது நாந்தானே" என்றார். அன்று போன நிம்மதி இன்னும் எனக்குத் திரும்பவில்லை.

படம் ஊரெல்லாம் போய்விட்டது. திருப்பி வாங்க என்னால் ஆகாது. தலைவர் அவர்களே, விழா முடிவில் அந்த இசையைப் போடுவதாக அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். தாய்மாரே, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அது பேய் இல்லை. வீடு திரும்பாமல் போன ஒரு மனிதரை அவர் மனைவி கூப்பிட்டது. இவ்வளவு நேரம் பேசியும் அந்தப் பெயரை நான் சொல்லவில்லை. சொல்ல உரிமையுள்ளவர் ஒருவர்தான், அவரும் இனிச் சொல்லப்போவதில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.