இடைவேளைக்குப் பிறகு

ஒரு படம் எல்லாருக்கும் பிடித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை சார். எனக்குக் கத்தரிக்காய் பிடிக்கும், என் மனைவி ரோகிணிக்குப் பிடிக்காது. அதற்காக ஒரு நாளும் நாங்கள் சண்டை போட்டதில்லை. நடந்ததை நடந்தபடி எழுது என்று தாள் கொடுத்திருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் முத்திருளன். வயது நாற்பத்து நான்கு. அவனியாபுரத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக அண்ணனுடைய ரசிகர் மன்றக் கிளைச் செயலாளர். அண்ணன் என்றால் யாரென்று உங்களுக்குத் தெரியும். அவர் பெயரை இந்தத் தாளில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அண்ணனுக்குக் கடைசி நான்கு படங்கள் ஓடவில்லை. எங்கள் கிளையில் நூற்றைம்பது பேர் இருந்தோம். பொங்கலுக்குக் கூட்டம் போட்டபோது ஏழு பேர் வந்தார்கள். ரோகிணி மகளைக் கூட்டிக்கொண்டு திருநகரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மகள் ஆடிய அன்று நான் புதுப் படத்தின் முதல் போஸ்டருக்கு மாலை போடப் போயிருந்தேன். "இம்புட்டு வருசம் அந்தாளுக்குச் செஞ்சீங்களே, என்னத்தக் கண்டீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். படம் வரட்டும், அதுவே பதில் சொல்லும் என்று இருந்தேன். அதை மட்டும்தான் நம்பியிருந்தேன் சார்.

படம் வந்தது. கொலைகாரனைத் தேடும் போலீஸ் கதை. அண்ணன்தான் போலீஸ். முதல் நாள் காலைக் காட்சி முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கொரு பேச்சு. காலேஜ் பிள்ளைகள் இடைவேளை வரைக்கும் மூச்சே விடவில்லை என்றார்கள். டீக்கடையில் ஒரு பெரியவர், கொலைகாரன் யாரென்று பத்தாவது நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது, போலீசுக்குத்தான் தெரியவில்லை என்றார். இன்னொருவர், அண்ணன் நடந்து வருகிற அழகுக்கே இன்னொரு தடவை பார்க்கலாம் என்றார். எல்லாரிடமும் டீயைக் குடித்துக்கொண்டே பேசினேன். யாரையும் ஒரு சொல் அதட்டவில்லை. விசாரித்துப் பாருங்கள்.

ஜெயபாண்டி ரோகிணியின் தம்பி. வயது இருபத்தாறு. புதுப் படங்களைப் பற்றிப் பேசி யூடியூபில் போடுவான். எனக்குக் கல்யாணம் ஆனபோது அவனுக்கு எட்டு வயது. கூட்டத்தில் நசுங்கிவிடாமல் தோளில் தூக்கி வைத்து அண்ணன் படத்துக்கு அவனைக் கூட்டிப்போனது நான்தான்.

அவன் போட்ட வீடியோவை அன்று ராத்திரிக்குள் மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். "முதல் பாதி ஓகே. இடைவேளைக்கு அப்புறம் கதை எங்க போச்சுன்னு அண்ணனுக்கே தெரியல. அவர் மேல உசுரா இருக்குறவங்கதான் இதை அவர்கிட்ட எடுத்துச் சொல்லணும்" என்றான். மன்றத்தில் மிச்சமிருந்த ஏழு பேரில் நான்கு பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். அடுத்த வாரமே பாதித் தியேட்டர்களில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெருங்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாமனார் தோட்டத்துக்கு அவனை வரச் சொன்னேன். கிணற்று மோட்டார் ஓடவில்லை, ஒரு கை பிடிக்கணும் என்றேன். மறு பேச்சில்லாமல் வந்தான். அக்காவை என்னோடு சேர்த்து வைக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எனக்கும் சேர்த்துப் பிரியாணி வாங்கி வந்திருந்தான். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதன் பிறகு கிணற்று மேட்டில் நின்று பொறுமையாகத்தான் கேட்டேன்.

"அந்த வீடியோவ எடுத்துரு மாப்ள."

"எனக்குப் பிடிக்கல மாமா. அம்புட்டுத்தான். பிடிச்சவுக பிடிச்சிருக்குன்னு போடட்டும்."

"தெரியாமச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை பேசிரு."

அவன் என் முகத்தையே பார்த்தான். "உங்களுக்குப் பிடிச்சுச்சா மாமா? எம்மேல சத்தியமாச் சொல்லுங்க."

ஒன்பது தடவை பார்த்திருக்கிறேன் என்றேன்.

"நான் அதைக் கேக்கல மாமா."

அவன் நெஞ்சில் கையை வைத்தேன். தள்ளினேன்.

கிணற்றில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். படிகள் இடிந்து பல வருஷமாகிறது. அவனுக்கு நீச்சல் தெரியாது. மோட்டார் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். மேலே என் காலடியில் கயிறு கிடந்தது. அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை சார். கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, "படம் எப்படின்னு சொல்லு, போடுறேன்" என்றேன்.

"நல்லாருக்கு மாமா."

"ரெண்டாம் பாதி?"

"ரெண்டாம் பாதியும் நல்லாருக்கு. கயித்தப் போடுங்க மாமா."

ஒவ்வொரு காட்சியாகக் கேட்டேன். ஆஸ்பத்திரிச் சண்டை, கோர்ட்டு வசனம், கிளைமாக்ஸ். எல்லாம் நல்லாருக்கு என்று அழுதுகொண்டே சொன்னான். குழாயில் பாசி படிந்திருந்ததால் கை வழுக்கியது. முங்கி மேலே வந்து மறுபடி பிடித்தான். நடுவில் ஒரு விமானம் தாழ்வாகப் போனதில் அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னான். இருபது நிமிஷம் இருக்கும். அதற்கப்புறம் படத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை. அக்கா, அக்கா என்றான். பிறகு அதுவும் இல்லை.

ரோகிணிக்கு நானேதான் போன் செய்தேன். தம்பி கிணற்றுக்குள் இருக்கிறான் என்று சொன்னேன். மோட்டார் வேலைக்கு வருவதை அவளிடம் சொல்லிவிட்டு வந்திருப்பான் போல. அவள் "மோட்டார் சரியாயிருச்சா?" என்று கேட்டாள். அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "அவன்தான் நல்லாருக்குன்னு அம்புட்டுத் தடவை சொல்லிட்டானேய்யா, பிறகு ஏன் கயித்தப் போடல?" அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். அவன் மனசறிந்து சொல்லவில்லை சார். உயிருக்குப் பயந்து பொய் சொன்னான். அது பொய்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்தப் படத்தை முழுசாகப் பார்த்த எவனாலும் நல்லாருக்கு என்று மனசாரச் சொல்ல முடியாது.