மச்சினன் தள்ளி வைத்த காய்

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. தட்டுகளைக் கழுவி அடுக்கியதும் என் மனைவி லூடோ பலகையை விரிப்பாள். மாமியார் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார். மச்சினன் கீழே கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாடிக்கு ஓடிவருவான். மழையோ வெயிலோ, நாலு பேரும் அந்தப் பலகையைச் சுற்றித்தான் இருப்போம். நல்ல குடும்பம், ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் ஊற்றி எடையைச் சரிக்கட்டுவோம். அந்த ஈயத்தின் மேல்தான் முத்திரை விழும். ஈயத்தைச் சுரண்டினால் கல் இளைத்துவிடும். மேலாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மனிதர்களும் அப்படித்தான் என்பது என் அனுபவம்.

மச்சினனுடையது மளிகைக்கடை. தெருவில் அவனுக்குச் 'சிரிப்பு முதலாளி' என்று பேர். லூடோவில் அவனுக்குச் சிவப்புக் காய். பகடையில் நாலு விழுந்தால் ஐந்து கட்டம் போவான். சமயத்தில், "அடடே, ஜன்னல்ல பூனை!" என்பான். எல்லோரும் பார்த்துத் திரும்புவதற்குள் அவன் காய் யாரும் வெட்ட முடியாத கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கம் பூனையே கிடையாது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே திரும்பிப் பார்ப்பார்கள். அதுதான் எனக்கு விளங்கவில்லை.

நான் சுட்டிக்காட்டாமல் இல்லை.

"நாலுதான் விழுந்துச்சு. நீ அஞ்சு வச்சிருக்கே."

"அப்படியா மாமா? கால் கொஞ்சம் நீளமாப் போச்சு, எட்டி வச்சுட்டேன்."

மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மனைவி என் கையைத் தட்டுவாள். "விடுங்களேன். விளையாட்டுதானே?"

விளையாட்டுதானே. கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். நான் ஒழுங்காக ஆடித் தோற்பேன். அவன் ஏமாற்றி ஜெயித்துவிட்டு, ஜெயித்த கையோடு எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டுவருவான். அந்த டீயையும் பாராட்டுவார்கள்.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. அவன் கடைத் தராசில் ஒரு குறையும் இருந்ததில்லை. வருடாவருடம் நானே சோதித்திருக்கிறேன். சாமான் நிறுத்த பிறகு ஒரு கைப்பிடி கூடுதலாகவும் அள்ளிப் போடுவான். மாதாமாதம் அவன் கடையிலிருந்து அனாதை இல்லத்துக்குப் போகிற மூட்டை என்றால் இரண்டு கைப்பிடி. இதைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காயைத் தள்ளி வைக்கிறவன் தராசில் மட்டும் கை வைக்காமல் இருப்பானா? எங்கோ வைத்திருக்கிறான், என் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு குற்றம் வெளியே வராமல் அடம்பிடித்தால், அதற்குக் கொஞ்சம் கைகொடுப்பது ஆய்வாளரின் கடமை என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஒரு ஞாயிறு அவன் என் கடைசிக் காயை வெட்டினான். அது வீடு சேரும் நேரம். உருண்ட பகடை அவன் விரலில் தட்டிப் புரண்டதைப் பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன்.

எங்கள் அலுவலகத்தில் பறிமுதலான எடைக்கற்கள் ஓர் இரும்பு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். அதில் ஈயம் சுரண்டிய ஐந்து கிலோ கல் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த ஞாயிறு ஆட்டத்தின் நடுவே கை கழுவப் போகிறேன் என்று கீழே இறங்கி, அவன் கல்லை எடுத்துவிட்டு இதை வைத்தேன். என் முறை வருவதற்குள் மேலே வந்துவிட்டேன். மற்றவர்களைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.

புகாரைத் தொலைபேசியில் சொன்னேன், யார் என்று சொல்லாமல். சோதனைக்கு என்னையே அனுப்பப் பார்த்தார்கள். வருடாந்தர முத்திரை வேறு, சொந்தக்காரர் மேல் வந்த புகாருக்கு நானே போவது முறையல்ல என்று விலகிக்கொண்டேன். மேலதிகாரி என் தோளைத் தட்டி, எல்லோர் முன்னாலும் என்னை உதாரணமாகக் காட்டிப் பேசினார்.

வேறோர் ஆய்வாளர் போய் அந்தக் கல்லைக் கைப்பற்றினார். அனாதைப் பிள்ளைகள் சாப்பாட்டில் கை வைத்தவன் என்றால் தெரு சும்மா விடுமா? ஷட்டரில் தார் பூசினார்கள். நிச்சயமாகியிருந்த அவன் கல்யாணம் நின்றது. நீதிமன்றத்தில், "அந்தக் கல்லு எப்படி வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியலைங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். சிரித்துக்கொண்டு பொய் சொன்னபோது ரசித்தவர்கள், சிரிக்காமல் உண்மை சொன்னபோது நம்பவில்லை. சிறைக்கு அனுப்பினார்கள்.

மாமியார் அந்த வருடம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம் உண்டு. அதை என் தலையில் கட்டுவது நியாயமாகாது. லூடோவுக்கு ஆள் குறைந்தது மட்டும் எனக்கு வருத்தம். மனைவியும் பலகையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

ஆகவே சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வாரா வாரம் சிறைக்குப் போக ஆரம்பித்தேன். நான் அரசு ஊழியன் என்பதால் காவலர் கண்டுகொள்ளவில்லை. பார்வையாளர் அறையில் தகர மேசை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ரம்மி ஆடினோம். இளைத்திருந்தான். பூனை கீனை என்று எதுவும் சொல்லவில்லை. ஒழுங்காக ஆடினான், ஒழுங்காகத் தோற்றான். ஆள் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி நிம்மதியான நாட்கள் இருந்ததில்லை.

போன வாரம் ஆட்டம் முடிந்ததும் கவிழ்ந்து கிடந்த அவன் சீட்டுகளைக் கலைக்க எடுத்தேன். எல்லாம் சேர்ந்திருந்தது. எனக்கு முன்பே அவன் ஜெயித்திருந்தான். சொல்லவில்லை.

"எத்தனை நாளா இப்படிப் பண்றே?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "ஆரம்பத்துலேருந்தேதான் மாமா. வேற யாரும் என்னைப் பார்க்க வர்றதில்லை. அக்காகூட வரலை. நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க. ஜெயிச்சுட்டு சந்தோஷமாப் போகட்டுமேன்னு..."

நான் எழுந்து வந்துவிட்டேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருவனை இவ்வளவு தூரம் கொண்டுபோய் நிறுத்திய பிறகும், அதே முகத்தோடு உட்கார்ந்து, கண்ணெதிரே என்னை ஏமாற்றியிருக்கிறான். இந்தத் தண்டனையால் ஒரு பயனும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பயன் இல்லாத தண்டனை எதற்கு? அதனால்தான் நானாகவே காவல் நிலையம் தேடி உங்களிடம் வந்தேன்.

கல்லை வைத்தவன் நான்தான். புகார் சொன்னவனும் நான்தான். அவன் கடையில் எடுத்த நல்ல கல் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, முத்திரை அழியாமல். அவனை வெளியே விட்டுவிடுங்கள்; என்னை உள்ளே வையுங்கள். எத்தனை வருடம் என்றாலும் சரி. ஆனால் வழக்கில் ஏமாற்றியவர் யார் என்று எழுதுகிற இடத்தில் மட்டும் என் பேரைப் போட்டுவிடாதீர்கள், ஐயா. அங்கே அவன் பேர்தான் வர வேண்டும்.