பச்சைப் பொத்தான் சுற்று

மனசே, முகத்தைக் கொஞ்சம் அசடாட்டம் வெச்சுக்கோ. வயசானவ அசடாத்தான் இருப்பான்னு நம்பி வந்திருக்கா, அவளை ஏன் ஏமாத்தணும்? கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வாய் கொஞ்சம் நீண்டாலும் நம்மைப் பார்த்துக்கிற சிட்டுவோட வேலை போயிடும்.

— பெரியம்மா, காது கேட்குதா? பொத்தானை அமுக்கினது யாருன்னு கேட்டேன்.

— எந்தப் பொத்தான், சூப்பர்வைசரம்மா?

— தெரியாத மாதிரி பேசாதீங்க. ஒவ்வொரு கட்டில் தலைமாட்டுலயும் பச்சையா இருக்கே, அது. சிட்டு மணிக்கொரு தடவை ரூம் ரூமாப் போய், ஆள் நல்லா இருக்காங்களான்னு பார்த்துட்டு அதை அமுக்கணும். அமுக்கினா என் மேஜையில விளக்கு எரியும்.

— எரியலையா?

— எரியுது. அதான் சந்தேகமே.

— எரியலைன்னாலும் வம்பு, எரிஞ்சாலும் வம்பு. உங்க உத்தியோகம் கஷ்டம்தான், ரைட்டு.

— சிரிக்காதீங்க. சிட்டு பம்பரமாட்டம் சுத்துறவ. ஒரு ரூம் விளக்கு எரிஞ்சா அடுத்தது உடனே எரியணும். மத்தியானச் சுத்துல மட்டும், ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நான் ஒரு டீயே குடிச்சு முடிச்சுடறேன். அது என்ன நடை தெரியுமா?

— நீங்களே சொல்லுங்க.

— வாக்கர் நடை. இதோ உங்க பக்கத்துல நாலு காலோட நிக்குதே, இதோட நடை.

— இந்த முதியோர் இல்லத்துல வாக்கர் இல்லாதவங்க யாரு? எல்லா வாக்கரையும் விசாரிங்களேன்.

— எதிர் ரூம் வாத்தியாரை விசாரிச்சேன். "கண்டக்டரம்மா வந்தாங்க, எட்டிப் பார்த்தாங்க, போலாம் ரைட்டுன்னு சொல்லிட்டுப் போனாங்க"ன்னார்.

— அடப்பாவி மனுஷா! போன வாரம் பாத்ரூம்ல வழுக்கி உட்கார்ந்திருந்தாரே, கண்டுபிடிச்சது யாரு? நான். ஒரு குரல் கொடுத்ததும் ஓடி வந்து தூக்கினது யாரு? சிட்டு. நன்றி கெட்டவர்.

— எங்கேருந்து ஓடி வந்தா?

மனசே, நிறுத்து. பிரேக் போடு.

— கால் இருக்கு, ஓடி வந்தா.

— தூக்கத்துலேருந்து வந்திருக்கா. தலைமுடி ஒரு பக்கமா அமுங்கி இருந்துச்சாம். அதையும் வாத்தியார்தான் சொன்னார். இப்பவும் ஆளைக் காணோம். ஸ்டோர் ரூம்ல பார்த்தாச்சு, அழுக்குத் துணி மூட்டைக்குப் பின்னாடி பார்த்தாச்சு, மாடிப்படிக்குக் கீழேயும் குனிஞ்சு பார்த்தாச்சு. எங்கதான் போய்ப் படுக்கிறா அவ?

— கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— ஏன்?

— பகல்ல நாலு பேர் தூங்குற இடம்.

— முதலாளி சாயங்காலம் வர்றார். தூங்குறவளைக் கையும் களவுமாப் பிடிச்சு இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணுமாம். அனுப்பலைன்னா என்னை அனுப்புவாராம்.

— ராத்திரியும் சிட்டு, பகலும் சிட்டு. வேலையை விட்டுப் போனவங்க இடத்துக்கு அவர் ஆள் போட்டாரா?

— போடலை.

— நான் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தப்போ டிரைவருக்குக் கண்ணு சொக்கினா விசில் அடிச்சு ஓரங்கட்டிடுவேன். உள்ள இருக்கிறவங்க எவ்வளவு கத்தினாலும் சரி. கொஞ்சம் கண்ணசந்துட்டு வரட்டும்னு விட்டுடுவேன். சிட்டு எங்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவ. தூக்கக் கலக்கத்துல எனக்கு வாத்தியார் மாத்திரையைக் கொடுத்தா, நான் இலக்கணம் பேச ஆரம்பிச்சுட மாட்டேனா?

— பேச்சை மாத்தாதீங்க. அப்படிச் சுத்தி வர்ற வழியில நீங்க விழுந்தா? உங்களை யார் எட்டிப் பார்ப்பா? உங்களுக்கு எந்த விளக்கு எரியும்?

இது சுருக்குன்னு குத்துது. நேத்து ஈரத் தரையில வாக்கர் ஒரு தடவை சறுக்கினதை இவகிட்ட மட்டும் இல்லை, சிட்டுகிட்டயும் சொல்லலை. பயந்தேன்தான். ஆனா அந்தச் சுத்துல நடக்கும்போதுதான் நான் இங்க பாரம் இல்லை, ஒரு ஆள்னு தோணுது. இதை எப்படிச் சொல்ல?

— சொல்லுங்க பெரியம்மா, யார் பார்ப்பா?

— நியாயமாக் கேட்டுட்டே. ஆமா, உன் கண்ணு ஏன் இப்படி ரத்தமாச் சிவந்து கிடக்கு? இன்னைக்கு எப்போ வந்தே?

— இன்னைக்கு வரலை. நேத்து வந்தவதான்.

— என்னது!

— சமையல்காரம்மா வரலை. சமையலும் நானே, பாத்திரமும் நானே. முதுகைச் சாய்க்கவே இல்லை. கொஞ்சம் நகருங்க, இப்படி ஓரமா உட்கார்றேன்.

— கட்டில்ல வேண்டாம்! நாற்காலியில உட்காரு.

— கட்டிலுக்கு என்ன? போர்வையை இப்படியா குவிச்சுப் போட்டு வெச்சிருப்பாங்க?

— இடுப்பு வலி, மடிக்க முடியலை. நாற்காலிதான் உனக்கு நல்லது. உட்காரு.

— அப்பாடா... கால் ரெண்டும் என்னோடதே இல்லை போல.

— கொட்டாவியைப் பாரு, என்னையும் வாக்கரையும் சேர்த்து முழுங்கிடுவே.

— பெரியம்மா, ஒண்ணு கேட்டா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?

— தாராளமாக் கேளு.

— முதலாளி வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. இந்தக் கதவைச் சாத்திட்டு, உங்க கட்டில்ல சித்த நேரம் சாய்ஞ்சுக்கட்டுமா? அதுவரைக்கும் நீங்க... அந்தச் சுத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கிட்டா...

— முடியாதும்மா.

— ஏன் பெரியம்மா? அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

— கத்தாதேம்மா. சீட்டுல ஆள் இருக்கு.