டாக்டர் தூண்டில் போடும் பாறை

முட்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் மடியில் பெரிய எக்ஸ்ரே கவர். சன்னமாகப் பேசும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

“அந்த டாக்டருக்கு மனசாட்சி உண்டாட்டி? ஞாயிற்றுக்கிழமைன்னா கிளினிக்க பூட்டிட்டு, பாறையில தூண்டில் போட்டுட்டு இருக்காரு.”

“நீ பாறைக்கே போயிட்டியா?”

“பின்ன? போனா, எனக்கு முன்னால ஏழெட்டு பேரு கவரோட நிக்கானுவ. வந்துச்சு பாரு எனக்கு வெப்ராளம்!”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“‘வாரம் பூரா உங்களத்தானம்மா பாக்கேன். ஒரு மணி நேரம் கடலப் பாக்க விடுங்க, இல்லேன்னா எனக்கு கிறுக்கு பிடிச்சிரும்’னு கையெடுத்துக் கும்பிட்டாரு. கண்ணு கலங்கிட்டு.”

“ஐயோ, பாவம்.”

“எனக்கே சங்கடமாப் போச்சு. நின்ன அத்தன பேரையும் சத்தம் போட்டு வெரட்டி விட்டேன்.”

“நல்ல காரியம் செஞ்ச.”

“பெறவு எங்க வீட்டுக்காரருக்க முட்டு எக்ஸ்ரேய நிம்மதியா காட்டினேன். டாக்டரு பாத்து முடிக்கது வரைக்கும் தூண்டில நாந்தான் பிடிச்சிட்டு நின்னேன். ஒரு மீனும் கொத்தல. இதுக்காட்டி கிளினிக்க பூட்டிட்டு வாராரு?”