ஜெயிக்க முடியாத விளையாட்டை அழிக்கச் சொன்னவர்களுக்கு

அவைக்குத் தலைமை ஏற்று, வந்து அமர்ந்த நொடியிலிருந்து கைக்கடிகாரத்தையே கனிவோடு பார்த்துக்கொண்டிருக்கும் தாளாளர் அவர்களே, எனக்குப் பேச நேரம் தந்து, அதில் பாதியை மைக்கைத் தட்டிப் பார்ப்பதிலேயே தீர்த்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையை மூச்சுமுட்ட நிறைத்திருக்கும் பெரியோர்களே, வேலைக்கு விடுப்புச் சொல்லி, வீட்டைப் பூட்டி, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் இழுத்து வந்ததால் வந்திருக்கும் தந்தைமார்களே, வெயிலில் வரிசையாக உட்காரவைக்கப்பட்டிருக்கும் என் கண்மணிகளே, உங்கள் கணினி ஆசிரியை கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘கணினி விளையாட்டு என்னும் கொடிய அரக்கன்’. தலைப்பை வைத்தவள் நான் அல்ல. தலைமையாசிரியர் வைத்தார், அச்சடித்தும் விட்டார். அழைப்பிதழைப் பாருங்கள், அரக்கனுக்குப் போட்டிருக்கும் எழுத்து என் பெயருக்குப் போட்டிருப்பதைவிடப் பெரியது.

பேசத்தான் போகிறேன். ஆனால் அரக்கனைத் தேடுவதற்கு முன்னால் அவனை அடைத்து வைத்திருக்கும் குகையைப் பார்க்க வேண்டாமா? நம் பள்ளிக் கணினி அறைக்குள் உங்களில் எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். ஒரு கையும் எழவில்லை. பரவாயில்லை, பிள்ளைகளே அவ்வளவாகப் போனதில்லை. குளிரூட்டிய அறை, கண்ணாடிக் கதவு, ‘தொடாதே’ என்ற பலகை. ஒவ்வொரு கணினிக்கும் பூப்போட்ட துணியில் ஓர் உறை. செருப்பைக் கழற்றி, கையைக் கட்டி, வாயைப் பொத்தி உள்ளே வரும் பிள்ளைகள், போர்த்தி வைத்த பெட்டிகளை வரிசையாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் துக்க வீட்டுக்கு வந்தவர்களைப்போல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போகிறார்கள். இதற்குப் பெயர் கணினிக் கல்வி.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் உறைகளைக் கழற்றினேன். அலுவலக எழுத்தர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“டீச்சர், என்ன பண்றீங்க? தூசி படிஞ்சிடுமே.”

“பிள்ளைங்க படிக்கணுமே சார்.”

“அதுக்குத்தான் புத்தகம் குடுத்திருக்கே.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நான் அன்று அழுதேன். தேர்வில் என்ன கேள்வி வருகிறது தெரியுமா? ‘கணினியின் படம் வரைந்து பாகங்களைக் குறி.’ சுட்டியைக் கையால் பிடித்தறியாத பிள்ளை, சுட்டியைச் சுழித்து வரைந்து, அதன் கம்பிக்கு அழகாக ஒரு வளைவு கொடுத்து, முழு மதிப்பெண் வாங்குகிறது. வீட்டுக்குப் போய்க் காட்டுகிறது. நீங்களும் பூரித்துப் போகிறீர்கள். எதற்குப் பூரித்தீர்கள்? கணினிக்கா, ஓவியத்துக்கா?

யார் அங்கே, பின்வரிசையில்? என்ன ஐயா? பிள்ளை எந்நேரமும் போனில் விளையாடிக்கொண்டே இருக்கிறதா? அந்தப் போனைக் கையில் கொடுத்துச் சோறு ஊட்டியது யார், பக்கத்து வீட்டுக்காரரா? உட்காருங்கள் ஐயா, உங்களுக்கும் பங்கு உண்டு, வருகிறேன்.

அடுத்தவன் செய்த விளையாட்டில் அடிமையாய்க் கிடப்பது வேறு. தன் தலையைக் கசக்கி, தானே ஒரு விளையாட்டைச் செய்வது வேறு. இந்த வித்தியாசம் புரிந்தால் போதும், என் சம்பளத்துக்கு நான் செய்ய வேண்டிய வேலை முடிந்தது. அதனால்தான் பத்தாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். ‘உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை வைத்து, ஒரு விளையாட்டைச் செய்து வாருங்கள்.’ உறையைக் கழற்றி, எழுத்தரைச் சமாளித்து, கணினிகளைத் திறந்துவிட்டேன். என்ன அழகு, என்ன ஆரவாரம். ஒருவன் தன் அப்பாவின் மெக்கானிக் கடையைச் செய்தான், மேலேயிருந்து ஸ்பேனர் விழும், தப்பிக்க வேண்டும். ஒருத்தி பேருந்து நிலையத்தைச் செய்தாள், கூட்டத்தில் தம்பியைத் தொலைக்காமல் ஏற வேண்டும். சில்லு நம் பள்ளியைச் செய்தாள்.

சில்லு யாரென்று பெற்றோர்களுக்குத் தெரியாது. ஆள் பொடிசு என்பதால் தோழிகள் வைத்த பெயர். அதோ, மேடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாளே, மடியில் மடிக்கணினியோடு, அவள்தான். என் பேச்சு முடிந்ததும் அவள் மேடையேறி, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டு, தான் செய்த விளையாட்டைத் தன் கையாலேயே அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் அடுத்த ஆண்டு கணினிப் பிரிவில் அவளுக்கு இடமில்லை. இது தலைமையாசிரியரின் ஆணை. நிகழ்ச்சி நிரலில் ‘மாணவியின் உரை’ என்று நாகரிகமாகப் போட்டிருக்கிறார்கள்.

அப்படி என்னதான் செய்துவிட்டாள்? யாரையாவது சுட்டாளா, வெட்டினாளா, வெடிகுண்டு வைத்தாளா? கேளுங்கள் தாய்மார்களே, நீங்கள்தான் கேட்க வேண்டும். விளையாட்டின் பெயர் ‘இடைவேளை’. மணி அடிக்கும். சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் வகுப்பிலிருந்து கிளம்ப வேண்டும், கழிவறைக்குப் போக வேண்டும், அடுத்த மணிக்குள் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான். அவள் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருக்கும். குடித்தால் முகம் தெளியும், கால் வேகமாக நடக்கும், ஆனால் போக வேண்டிவரும். குடிக்காவிட்டால் போக வேண்டாம், ஆனால் கடைசிப் பாடவேளையில் தலைசுற்றி விழுந்துவிடுவாள். வகுப்புக்குப் பக்கத்திலேயே பளபளவென்று ஒரு புதுக் கழிவறைக் கட்டடம் நிற்கும். கிட்டப் போனால் ‘பூட்டியிருக்கிறது’ என்று வரும். மைதானத்தின் கோடியில் பழையது ஒன்று, அதன் வாசலில் வரிசை. நின்று, போய், திரும்பி ஓடி வருவதற்குள் மணி அடித்துவிடும். வகுப்பு வாசலில் முட்டி போடு.

வகுப்பே விளையாடியது, யாரும் ஜெயிக்கவில்லை. ஆசிரியர் அறைக்கு வந்தது, விளையாட்டு ஆசிரியரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவரும் முட்டி போட்டார். கடைசியில் அது தலைமையாசிரியர் அறைக்குப் போனது. சில்லுவை அழைத்தார்கள், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மாவை அழைத்தார்கள், வீட்டுப்பாடம் கொடுத்த குற்றவாளி என்று என்னையும் அழைத்தார்கள். நாங்கள் நிற்கிறோம், ஐயா ஆடிக்கொண்டிருக்கிறார். எடுத்த எடுப்பிலேயே திரையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்குப் பாட்டில் முழுவதையும் குடிக்கக் கொடுத்துவிட்டார். ஏன் கொடுக்கமாட்டார்? அவர் அறைக்குள்ளேயே ஒரு கதவு இருக்கிறது, அதற்குள் ஒரு கழிவறை இருக்கிறது. அவருக்கு எப்படித் தெரியும்?

“என்ன டீச்சர் கேம் இது? ஜெயிக்கவே முடியலயே.”

“பிள்ளைங்களாலயும் முடியல சார்” என்றேன்.

அவர் சில்லுவைப் பார்த்தார். “சரி, போனாப் போகுது. இத ஜெயிக்கிற மாதிரி மாத்திக் குடு. இதோட விட்டுடறேன்.”

“மாத்தலாம் சார், ஒரு வரிதான்” என்றாள் சில்லு. “புதுக் கட்டடத்துல பூட்டியிருக்குன்னு எழுதியிருக்கேன்ல, அத திறந்திருக்குன்னு மாத்தணும்.”

“அப்ப மாத்து.”

“நீங்க அங்க மாத்துங்க சார், நான் இங்க மாத்திடறேன்.”

கைதட்டாதீர்கள். தட்டினால் அவளுக்குத்தான் வம்பு. அன்று அந்த அறையில் யாரும் தட்டவில்லை. “பாத்தீங்களா, கேம் ஆடி ஆடி வாய் எப்படி வளந்திருக்கு” என்று அவள் அம்மாவிடம் சொன்னார்கள். புதுக் கட்டடத்தை ஏன் பூட்டியிருக்கிறார்கள் தெரியுமா? திறந்தால் அழுக்காகிவிடுமாம். யாராவது பார்வையிட வரும்போது காட்டுவதற்குச் சுத்தமாக இருக்க வேண்டுமாம். கணினிக்கு உறை, கழிவறைக்குப் பூட்டு. புத்தம் புதிதாய் எல்லாம் இருக்கிறது, பிள்ளைகள் மட்டும்தான் அதைப் பயன்படுத்திக் கெடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கூடம் நடத்தினால் எவ்வளவு சுத்தமாக இருக்கும்!

அந்த அம்மாவும் முதலில் பயந்துதான் போனார். “மன்னிப்புக் கேட்டுடு கண்ணு, சார்கிட்டயா வாயாடறது” என்றார். அப்புறம் என்ன தோன்றியதோ, “நான் ஒருவாட்டி பாக்கலாமா சார்?” என்று கேட்டு உட்கார்ந்தார். ஆடினார், தோற்றார். மறுபடி ஆடினார். மறுபடி ஆடும்போது அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. கடைசிப் பாடவேளையில் திரையில் அந்தப் பெண் மயங்கி விழுந்தது. அந்த அம்மா சில்லுவின் பக்கம் திரும்பினார்.

“இதுக்குத்தான் பாட்டில் நெறஞ்சது நெறஞ்சபடியே வீட்டுக்கு வருதா? நான் உன்னத் திட்டிக்கிட்டே இருந்தேனேடி” என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “டீச்சர், இந்த யூனிஃபார்ம் போட்ட பொண்ணுங்க நீர்க்கடுப்புன்னு கடைக்கு வருதுங்க. நானேதான் மருந்து எடுத்துக் குடுக்கறேன். நெறைய தண்ணி குடிங்கம்மான்னு சொல்லி அனுப்பறேன்.”

மணி அடிக்கிறார்கள். என் நேரம் முடிந்ததாம். மணிக்குப் பயந்து பயந்துதான் இந்தப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், நானும் ஓட வேண்டுமா? யாரம்மா அது எழுந்து நிற்பது? சொல்லுங்கள். உங்கள் பெண்ணும் தண்ணீர் குடிப்பதில்லையா? பக்கத்தில் நீங்களுமா? அங்கே, அந்தக் கோடியில்? உட்காருங்கள் தாய்மார்களே, உட்காருங்கள், எண்ணி மாளாது போலிருக்கிறது.

தலைப்பைவிட்டு விலகிவிட்டேன் என்று சொல்வீர்கள். விலகவில்லை ஐயா, அரக்கனைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொழுதெல்லாம் போனில் சுட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையை யாரும் மேடையேற்றி மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. சிந்தித்தவளைச் சொல்கிறீர்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதியவளைச் சொல்கிறீர்கள். படம் வரைந்து பாகம் குறித்திருந்தால் பரிசு கொடுத்திருப்பீர்கள், பாகம் எங்கே பழுது என்று காட்டினாள், பழியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். கணினி கற்றுக்கொடு என்று என்னை வேலைக்கு வைத்தீர்கள். கற்றுக்கொடுத்துவிட்டேன். இப்போது அதை அழி என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இன்று காலை சில்லு என்னிடம் வந்தாள்.

“டீச்சர், மாத்திட்டேன்” என்றாள்.

பயமுறுத்திவிட்டார்களே, பணிந்துவிட்டாளே என்று நினைத்தேன். “ஏம்மா?” என்றேன்.

“புதுக் கட்டடம் இன்னிக்குத் திறந்திருக்கு டீச்சர். விழாவுக்கு ஆளுங்க வர்றாங்கன்னு திறந்து விட்டிருக்காங்க. நான் போய்ப் பாத்துட்டுத்தான் மாத்தினேன். இன்னிக்கு ஜெயிக்கலாம்.”

“நாளைக்கு?”

“பூட்டிட்டாங்கன்னா திரும்ப மாத்திடுவேன்.”

தாய்மார்களே, உங்களில் சிலர் வந்தவுடன் அந்தக் கட்டடத்துக்குப் போய்வந்தீர்கள். எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பாராட்டியதை என் காதால் கேட்டேன். உங்களுக்காகத் திறந்த கதவு அது, உங்கள் பெண்களுக்காக அல்ல. இந்த விழா முடிந்து, நீங்கள் வாசலைத் தாண்டியதும், எழுத்தர் பூட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடப்பார்.

தாளாளர் அவர்களே, கடிகாரத்தைப் பார்த்தது போதும், சற்று என்னைப் பாருங்கள். என் வேலை போனால் போகட்டும், அவளுடைய இடம் போகக்கூடாது. அவள் மன்னிப்புக் கேட்கமாட்டாள். கேட்கச் சொல்லி நான் அவளை மேடைக்கு அழைக்கவும் மாட்டேன். நாளைக் காலை அந்த ஒரு வரியை அவள் எப்படி எழுத வேண்டும், அதை மட்டும் நீங்கள் இந்தத் தாய்மார்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொறுமையிழந்து எழுந்து நின்ற தாய்மார்களுக்கும், மணியடித்துக் களைத்துப்போன தலைமையாசிரியருக்கும் என் நன்றியும் வணக்கமும்.

சில்லு, மேலே வாம்மா. அந்த மடிக்கணினியைத் தாளாளர் ஐயா கையில் கொடு. ஆடுங்கள் ஐயா. அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டிய மட்டும் தண்ணீர் கொடுங்கள், இன்று ஒருநாள் அவள் பயப்படாமல் குடிக்கலாம்.